மச்சானின் ஹேண்ட்போன்

12.8.1997, செவ்வாய்

பிரசவத்துக்கு வந்திருந்த மகளுக்கு இன்று வலி கண்டுவிட்டது. செமினியில் எங்கள் புது வீட்டுக்கு இன்னும் டெலிபோன் வரவில்லை. என் ஹேண்ட்போனில் லைனே இல்லை. வீட்டுக்குப் பின்னாலேயே ஹேண்ட்போன் கோபுரம் நிற்கிறது. ஆனால் அது வேறு கம்பெனியுடையது.

எதிர்வீட்டு மச்சானிடம் அந்தக் கம்பெனி போன் இருக்கிறது. மகள் கல்யாணத்தில் வந்த சண்டைக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்வதில்லை. வேறு வழியில்லாமல் போய் நின்றேன்.

“சண்டையெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம் லா. முதல்ல ஆம்புலன்சைக் கூப்பிடுங்க,” என்று போனைக் கையில் திணித்தார்.

பேத்தி பிறந்திருக்கிறாள்.

கம்பெனிகள் போட்டி போடட்டும். ஆனால் கோபுரத்தைப் பகிர்ந்தே ஆக வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போடவேண்டும். முகம் பார்க்காத மச்சானே கொடுத்தார், இவர்களுக்கு என்ன வீம்பு? நாளை பங்சாரில் இருக்கும் என் போன் கம்பெனி ஆபீசுக்கே போய் இதைக் கேட்காமல் விடமாட்டேன்.

மச்சானும் வருகிறார்.