தலையணை உறைகள்

அன்புள்ள டெல்லாவுக்கு,

உன் இருமல் நின்றதா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன், தோள் மட்டும் கொஞ்சம் முணுமுணுவென்று வலிக்கிறது.

வேட்டைக்கு நான் கூட்டி வந்த ஹார்லன் நேற்று ஒரு மூஸ் மானைச் சுட்டார். கறியைத் துணிப்பைகளில் கட்டி மரத்தில் தொங்கவிட்டேன். தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. திரும்பி வந்தால், எல்லாவற்றையும் இறக்கி பிளாஸ்டிக் விரிப்பால் இறுக்கிச் சுற்றி வைத்திருக்கிறார்.

"நனையுமேன்னு போத்தினேன்ப்பா."

"சூடே ஆறாத கறி சார். போத்தி வச்சா அழுகாம என்ன செய்யும்?"

ஒரு தொடை எலும்போரம் நாறிவிட்டது. மீதியைக் காற்றாடத் தொங்கவிட்டுக் காப்பாற்றினேன். பைகள்தான் கிழிந்துவிட்டன. பழைய தலையணை உறைகள் இருந்தால் அனுப்பு, கறி கட்ட உதவும்.

கடிதங்களை எடுத்துப்போக வந்த விமானி அவசரப்படுத்துகிறார், முடிக்கிறேன். நீ தலைவைத்துப் படுக்கும் உறையை மட்டும் துவைக்காமல் அனுப்பு. அது கறிக்கு இல்லை.

உன்
வெர்னன்