டைரக்ட் கொடுத்த ஒயர்

தமாலே,
ஏப்ரல் 19, ஞாயிறு.

அவால் அவர்களுக்கு,

உங்கள் மனைவி வுன்பினி ஸலாம் சொல்லி எழுதுகிறேன். நானும் பிள்ளைகள் இருவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது என்பதால் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு அபிபாவின் கணவர் வியாழக்கிழமை தோஹா திரும்புகிறார். உங்கள் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

இங்கே வெயில் நாற்பத்தொன்று. மழை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. பெரியவள் பள்ளியில் கணக்கில் முதலாவதாக வந்திருக்கிறாள். சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. உங்களிடம் காட்ட வேண்டும் என்று தாளில் மடித்து வைத்திருக்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் கார் ஏ.சி. கடையின் சாவியை மாதக் கடைசிக்குள் உங்கள் தம்பி ஜிப்ரிலிடம் கொடுக்கச் சொல்லி நீங்கள் அனுப்பிய குரல் செய்தி எனக்கு வரவில்லை, அவருக்கே வந்தது. அவர் அதைச் சத்தமாக வைத்து, கராஜ் வளாகத்தில் எங்கள் வரிசை முழுக்கக் கேட்க ஓடவிட்டார். டயர்க்காரர்களும் கஞ்சி விற்கும் பெண்ணும்கூடக் கேட்டார்கள். நீங்கள் போன பதினொரு மாதத்தில் உங்கள் பேச்சை நான் முழுதாகக் கேட்டது அப்படித்தான்.

கொடுக்க மாட்டேன் என்றேன். ஜிப்ரில் சிரித்தார். "அண்ணி, இது சட்டி பானை இல்ல, கம்ப்ரஸரு. அண்ணன் சொன்னா கேட்டுக்கிட்டு வீட்டுக்குப் போங்க" என்றார். "சட்டி அடிப்பிடிச்சா சட்டியையா மாத்துவாங்க ஜிப்ரில்? அடுப்பைத்தான் பார்ப்பாங்க. நீங்க சட்டியையே மாத்திக்கிட்டு இருக்கீங்க" என்றேன். ஹாஜியா ரமாத்துவின் வேனைத்தான் சொன்னேன் என்று எல்லாருக்கும் புரிந்தது.

அந்த வேன் உங்களுக்கு நினைவிருக்கும். போல்கட்டாங்காவுக்கு ஆள் ஏற்றிப் போகும் வெள்ளை வேன். நீங்கள் பயணம் புறப்பட்ட வாரத்தில் கடைசியாகக் கைவைத்த வண்டி அது. போன எட்டு மாதத்தில் அதில் இரண்டு கம்ப்ரஸர் இறுகிப் போயின. இரண்டையும் தன் பட்டறையில் மாற்றியது ஜிப்ரில். இப்போது மூன்றாவதும் கல்லை அரைப்பது போலச் சத்தம் போட ஆரம்பித்திருந்தது. ஹாஜியா அன்றைக்குத்தான் வண்டியோடு வந்து வளாகத் தலைவர் அல்ஹாஜி சல்லேயிடம் கத்திக்கொண்டிருந்தார். "என் வேன்ல ஏறுறவங்க ரொட்டி மாதிரி வெந்து இறங்குறாங்க! அடுத்த வேனுக்கு ஓடுறாங்க! உங்க வளாகத்துல ஒரு மெக்கானிக்கூட இல்லையா?"

அல்ஹாஜி வேப்பமரத்தடியில் எங்கள் இருவரையும் நிற்க வைத்தார். ஜிப்ரில், இதுவும் செத்துவிட்டது, நாலாவது போட வேண்டும் என்றார். கழற்றிப் பார்க்காமல் சொல்ல மாட்டேன் என்றேன் நான். "சரி, இந்தப் பொண்ணு பார்க்கட்டும். வெள்ளிக்கிழமை வண்டி நிறைய ஆளோட போல்கட்டாங்கா போய்த் திரும்பணும். குளிர் நின்னா சாவி இவகிட்டயே இருக்கும். நிக்கலைன்னா ஜிப்ரில்கிட்ட போகும். அப்புறம் யாரும் என்கிட்ட வரக்கூடாது" என்றார். அன்று செவ்வாய்.

எப்படிச் செய்தேன் என்று வரிசையாகச் சொல்கிறேன். ஊரில் வேறு மாதிரியும் சொல்வார்கள்.

முதலில் இன்ஜினை அணைத்துவிட்டு, அழுத்தம் பார்க்கும் கேஜ் மாட்டினேன். குளிர் தரும் கேஸ் ஏறக்குறைய இல்லை. முள் கீழேயே கிடந்தது. கேஸ் இவ்வளவு குறைந்தால் பிரஷர் சுவிட்ச் கரண்டை வெட்டிவிட வேண்டும், கம்ப்ரஸர் ஓடவே கூடாது. ஆனால் வண்டியைக் கிளப்பி ஏ.சி. போட்டதும் கம்ப்ரஸரைச் சுழலவிடும் கிளட்ச் டக்கென்று பிடித்துக்கொண்டது. சந்தேகம் வந்தது. பிரஷர் சுவிட்சின் இணைப்பைக் கையால் பிடுங்கிப் போட்டேன். அப்போதும் கம்ப்ரஸர் நிற்கவில்லை.

அதாவது யாரோ சுவிட்சைக் கேட்காமலே கம்ப்ரஸருக்கு டைரக்ட் கொடுத்திருக்கிறார்கள். ஒயரைத் தொட்டுக்கொண்டே போனேன். பேட்டரித் தட்டுக்கு அடியில் ஒரு சிவப்பு ஒயர். ஒரு முழம் இருக்கும். கறுப்பு டேப்பை நெருக்கமாகச் சுற்றி, நுனியை நெருப்பில் சுட்டு ஒட்டி, மேலே மீன்தூண்டில் நைலானில் மூன்று முடிச்சு. ஒயரில் இப்படி முடிச்சுப் போடுகிறவர் இந்த வளாகத்தில் ஒருவர்தான். ஒன்பது வருடம் பக்கத்தில் விளக்குப் பிடித்து நின்றவளுக்குத் தெரியாதா?

ஜிப்ரிலும் குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறியது. என் காதருகில் வந்து, "அண்ணி, கத்தரிச்சுத் தூக்கிப் போடுங்க. அண்ணன் பேரு கெட்டுடும்" என்றார். அதற்குள் அல்ஹாஜி வந்து, "இது யாரு வேலை?" என்று கேட்டார். ஜிப்ரில் தயங்கவே இல்லை. "அண்ணன் போனப்புறம் அந்தக் கடைல யாரு இருக்காங்க? நீங்களே பார்த்துக்கங்க" என்று என்னைக் காட்டினார்.

உங்கள் பெயரை மறைக்க நினைத்தேன், அதை மறுக்கவில்லை. அந்தப் பழி என் தலையில் விழுந்தபோது நினைப்பை மாற்றிக்கொண்டேன். எல்லாரும் கேட்கும்படி சொன்னேன்: "இது என் வீட்டுக்காரர் வேலை. பயண அவசரத்துல செஞ்சது. எங்க கடைல நடந்தது, அதனால எங்க கடை பதில் சொல்லும். கேஸ் போய்க்கிட்டே இருந்தும் கம்ப்ரஸரை நிக்கவிடாம ஓட்டிக் கொன்னது இந்த ஒயருதான். ஆனா கேஸ் எங்க போகுதுன்னு பார்க்காம ரெண்டு தடவை நிரப்பினது யாருன்னு அவரையே கேளுங்க." டயர்க்காரர் ஒருவர் விசில் அடித்தார்.

ஓட்டையைக் கண்டுபிடிக்கச் சோப்புத் தண்ணீர்கூடத் தேவைப்படவில்லை. வண்டி முகப்பில் இருக்கும் கண்டென்ஸரின் அடி மூலையில் செம்மண் ஈரமாக ஒட்டியிருந்தது. மற்ற இடமெல்லாம் உலர்ந்த தூசி. கேஸோடு எண்ணெயும் கசிந்தால்தான் மண் அப்படி ஒட்டும். ரோட்டுக் கல் பட்ட இடம். அதைப் பற்றவைத்தேன். கம்ப்ரஸரைக் கழற்றி எண்ணெயைக் கவிழ்த்தால், மருந்துப் புட்டி மூடியில் இரண்டு மூடிதான் வந்தது. வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தேன். நிறம் மங்கல், ஆனால் உலோக மினுமினுப்பு இல்லை. உள்ளே இன்னும் கெடவில்லை. சத்தம் போட்டது பெல்ட் ஓடும் புல்லியின் பேரிங். அதை மாற்றினேன். கிளட்ச் இடைவெளியைச் சரிசெய்து, புது ரப்பர் வளையங்களும் ஈரம் உறிஞ்சும் டிரையரும் போட்டு, அளந்து எண்ணெய் விட்டேன். சிவப்பு ஒயரைக் கழற்றி, சுவிட்சுக்கு அதன் வேலையைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் குழாய்களில் இருந்த காற்றை உறிஞ்சி எடுத்து, இன்னொரு மணி நேரம் முள் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அசையவில்லை. அதன் பிறகுதான் கேஸை எடைபோட்டு ஏற்றினேன்.

வெள்ளிக்கிழமை காலைத் தொழுகை முடிந்து வேன் புறப்பட்டது. நான் போகவில்லை. கடை வாசலிலேயே இருந்தேன். சாவியை முந்தானையில் முடிந்திருந்தேன். சூரியன் இறங்கும் நேரத்தில் வேன் திரும்பியது. கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது. ஹாஜியா முதலில் இறங்கினார். "வுன்பினி, பாவி! ஒருத்தி பிள்ளைக்குப் போர்வை கேக்குறா. ஏப்ரல் மாசத்துல போர்வைக்கு நான் எங்கடி போவேன்?" என்றார். அல்ஹாஜி காற்று வரும் இடத்தில் கையை நீட்டிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு ஜிப்ரிலைப் பார்க்காமலே, "சாவி இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்" என்றார்.

மறுநாள் காலையில், பிழை பொறுக்கக் கேட்கும் முறைப்படி கோலாக் கொட்டை வாங்கிக்கொண்டு ஹாஜியா வீட்டுக்குப் போனேன். உங்கள் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். வேலைக்கூலி வேண்டாம் என்றேன். அவர் ஒரு கொட்டையைப் பிளந்து பாதியை எனக்குக் கொடுத்தார். "இது அவன் கொண்டாந்திருக்கணும். ஆனாலும் வாங்கிக்கிறேன்" என்றார். அவர் சொன்னது சரிதான். உங்களுக்காக நான் கோலா சுமந்தது இதுவே கடைசி. எனக்கு வரவேண்டிய கோலாவை ஜிப்ரில் இன்னும் கொண்டுவரவில்லை. காத்திருக்கிறேன்.

ரமலானில் நான் அழைத்தபோது உங்கள் போனை எடுத்தவள் யார் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. இந்தக் கடிதத்திலும் கேட்கப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். இனி இந்தக் கடையைப் பற்றி எது சொல்வதாக இருந்தாலும் என்னிடம் சொல்லுங்கள். என்னைத் தாண்டி வேறு யாருக்கும் ஒயர் இழுக்காதீர்கள்.

அந்தச் சிவப்பு ஒயரை உறைக்குள் வைத்திருக்கிறேன். முடிச்சை அவிழ்க்கவில்லை. கூடவே தாளில் மடித்த சின்னவளின் பல் இருக்கிறது. தொலைத்துவிடாதீர்கள்.

நேற்று கடைக்குப் புதுப் பலகை எழுதினோம். "வுன்பினி, கார் ஏ.சி." என்று நீலத்தில் எழுதியிருக்கிறது. கீழே ஒரு வரிக்கு இடம் மிச்சம் இருக்கிறது, என்ன எழுதட்டும் என்று பெயின்டர் கேட்டார். இது காயட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

அங்கே வெயில் இங்கேயைவிடக் கடுமை என்கிறார்கள். நின்று வேலை செய்யும் இடத்தில் அல்லாஹ் உங்களுக்கு நிழல் தரட்டும்.

சாவி என்னிடம் இருக்கிறது.

வுன்பினி