சந்தனம் பூசும் கை

பூந்தமல்லி
2.2.2025

அன்பு வடிவு,

நலம். உன் உடலும் மனமும் நலமாக இருக்கட்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கென்று சிரிக்காதே. கைப்பட எழுதினால் மனம் லேசாகும் என்று வகுப்பில் எல்லோருக்கும் சொல்லிவிட்டு நானே எழுதாவிட்டால் எப்படி?

சௌம்யாவுக்கு ஏழாம் மாதம். பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை இங்கே மண்டபத்தில் வளைகாப்பு. வடிவும்மாதான் முதலில் நலங்கு வைக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். நான் வகுப்பு வகுப்பாக ஓடிய வருஷங்களில் அவளுக்குச் சோறூட்டியவள் நீ அல்லவா?

இன்னொரு செய்தி. மகளிர் தினத்தன்று வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில் பேசுகிறேன். 'உன்னை நீயே ஏற்றுக்கொள்' என்பது தலைப்பு. உன் கதையைத்தான் சொல்லப்போகிறேன். நீயும் மேடையில் வந்து நிற்க வேண்டும்.

சின்ன வேண்டுகோள் ஒன்று. சம்பந்தி வீட்டார் பழைய மனிதர்கள். கல்யாணக் கூட்டத்தில் உன் வெண்புள்ளிகளை அவர்கள் கவனிக்கவில்லை. நலங்கு வைக்கும்போது கை கண்ணில் படும். இத்துடன் ஒரு க்ரீம் அனுப்பியிருக்கிறேன், தோல் நிறத்திலேயே இருக்கும். வளைகாப்புக்கு மட்டும் கைக்கும் முகத்துக்கும் பூசிக்கொள். கல்லூரிக்குப் பூச வேண்டாம். மேடை வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிந்தால்தான் பிள்ளைகள் மனதில் பதியும்.

மகிழ்வுடன்,
கிருஷ்ணப்பிரியா
மனநலப் பயிற்சியாளர்


கோவில்பதாகை
5.2.2025

அன்புள்ள பிரியா,

சௌம்யா செய்தி படித்துக் கண் கலங்கிவிட்டது. அதற்குக் கீழே படித்ததும் கண்ணீர் காய்ந்துவிட்டது.

பூந்தமல்லிக்கும் கோவில்பதாகைக்கும் நடுவே கடலா இருக்கிறது, கூரியரில் அனுப்ப? உன் வகுப்பின் தாமரைச் சின்னம் அச்சடித்த தாள் வேறு. என்னிடம்கூடப் பட்டம் போட்டுத்தான் கையெழுத்து வைப்பாயா? பாடியில் இருக்கும் பட்டறையிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார். "இன்னா வடிவு, இத்த பூசிக்கினு எங்க போற? டிராமாவுக்கா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மறைக்க வேண்டிய கை, மகளிர் தினத்தன்று காட்ட வேண்டிய கை. இரண்டும் ஒரே கை பிரியா, தோளிலிருந்து கழற்றி மாட்டுவதற்கில்லை. நீ நலங்கு வைத்து ரொம்ப நாளாயிற்று போல. பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தில் கையை வைத்தால் மேலே பூசினதெல்லாம் வழுக்கிக்கொண்டு வரும். அந்தப் பெண் கன்னத்தில் ஏறப்போவது சந்தனமா, உன் க்ரீமா?

நான் என்னை ஏற்றுக்கொண்டேன் என்று உன்னிடம் யார் சொன்னது? இந்தப் புள்ளிகளை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. போன வருஷம் உதட்டோரம் புதிதாக ஒன்று வந்தபோது ஒரு வாரம் கண்ணாடிப் பக்கமே போகவில்லை. ஆனாலும் யூனிபாரம் தைக்க வேலைக்குப் போனேன், வீட்டுக்கு வந்து குழம்பு வைத்தேன். பிடிக்காத ஒன்றோடு யாரிடமும் பொய் சொல்லாமல் குடித்தனம் நடத்துகிறேன், அவ்வளவுதான். அதற்கு நீ சிரித்த மூஞ்சி வரைந்து மேடை மேடையாகக் காட்டுகிறாய்.

நாம் படித்த குவார்ட்டர்ஸ் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நீ பையைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாய். கேட்காமலே என் டிபன் பாக்ஸில் கைவிட்டு எலுமிச்சம்பழச் சாதத்தைத் தின்றாய். அந்தப் பெண் எந்தப் பயிற்சியும் எடுத்தவள் இல்லை. அவளை எனக்கு இன்றும் பிடிக்கும்.

ஒன்றும் பூசாமல் வந்து சௌம்யாவுக்கு நலங்கு வைக்கலாமா? ஒரு வரியில் பதில் எழுது. போதும்.

வடிவு


பூந்தமல்லி
9.2.2025

அன்பு வடிவு,

உன் கோபத்தை நான் முழுமனதோடு ஏற்றுக்கொள்கிறேன். அது உனக்குள் இருக்கும் பழைய காயம் பேசுவது. மூச்சை நன்றாக இழுத்து, மெதுவாக விடு.

யாருக்கும் சங்கடமில்லாமல் ஒரு வழி யோசித்தேன். நீ காலையிலேயே வந்துவிடு. உள் அறையில் சீர்த்தட்டுகளையும் கலந்த சாதத்தையும் பார்த்துக்கொள். சம்பந்தி அம்மாள் கிளம்பியதும் நீ நலங்கு வை. சௌம்யாவிடம் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

கல்லூரியில் உன் படம் போட்டு பேனர் அடித்துவிட்டார்கள். இனி மாற்ற முடியாது. அன்றைக்கு அரைக்கை ஜாக்கெட் போட்டுக்கொண்டு வா.

மகிழ்வுடன்,
கிருஷ்ணப்பிரியா
மனநலப் பயிற்சியாளர்


கோவில்பதாகை
18.2.2025

பிரியாவுக்கு,

நான் வரவில்லை. உள் அறையில் கலந்த சாதம் பார்த்துக்கொள்ள உனக்கு வேறு ஆள் கிடைத்திருக்கும்.

நேற்றுக் காலை சௌம்யா ஆட்டோவில் வந்து இறங்கினாள். இரண்டு கையிலும் கண்ணாடி வளையல், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது. வாசலிலேயே என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "உங்களுக்கு ஜுரம்னு அம்மா சொன்னாங்க. எங்க, சுடவே இல்லியே?" என்றாள்.

ஆமாம், இறங்கிவிட்டது என்று சொல்லியிருந்தால் உன் மானம் காப்பாற்றப்பட்டிருக்கும். வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் எனக்குப் பொய் வரவில்லை. க்ரீம் டப்பாவை எடுத்து முன்னால் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவள் உன்னைத் திட்டவில்லை. டப்பாவை மூடி ஓரமாக நகர்த்தினாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு பச்சை வளையலை எடுத்தாள். "இடது கைல ஒண்ணு கம்மியாத்தான் போட்டுகினேன். எல்லாரும் கேட்டாங்க, எண்ணத் தெரியாதான்னு. இது நீங்க போட வேண்டியது வடிவும்மா."

வளையலை மாட்டிவிட்டு, வீட்டில் இருந்த சந்தனத்தைக் கரைத்தேன். இந்தக் கையாலேயே அவள் இரண்டு கன்னத்திலும் பூசினேன். துடைக்காமல்தான் கிளம்பினாள். உன் வீட்டுக்கு வந்து இறங்கியபோது நீயே பார்த்திருப்பாய்.

இதைக் கோபமென்று நினைத்து மறுபடி மூச்சுப் பயிற்சி எழுதாதே. கோபம் போன வாரமே தீர்ந்துவிட்டது. இப்போது உன்னை நினைத்தால் இளக்காரமாக இருக்கிறது. என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தவளை இளக்காரமாக நினைக்கிறேனே என்றுதான் அழுகை வருகிறது.

நான் கல்லூரிக்கு வர மாட்டேன். என் கதையையும் சொல்லாதே. க்ரீமைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், நீ அனுப்பிய அதே கூரியரில். பேனரை மாற்ற முடியாவிட்டால், அதில் இருக்கும் என் முகத்தின் மேல் இதைப் பூசிவிடச் சொல்.

பிள்ளை பிறந்ததும் சௌம்யா எனக்குத்தான் முதலில் போன் செய்வாளாம். அன்றைக்கு வருவேன். கையில் எதுவும் பூசாமல்தான் தூக்குவேன். சம்பந்தி அம்மாள் கூடத்தில் உட்கார்ந்திருந்தாலும் சரி, கதவை நீ வந்து திற.

வடிவு