சுற்றிப் போகிற கப்பலில் ஏறு

காரைக்கால்

அன்பு மகன் தாரிக்குக்கு வாப்பா மன்சூர் அலி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் நானும் உன் உம்மாவும் உன் மனைவி பஹீமாவும் உடம்புக்குச் சுகமாக இருக்கிறோம், மனசுக்குத்தான் சுகமில்லை. நீ கடலில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க ஐந்து நேரமும் துஆ கேட்கிறோம். போனில் பேசினால் சரி வாப்பா, சரி வாப்பா என்று சொல்லியே என் வாயை அடைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். முழுசாகப் படி.

வியாபாரம் எப்படி என்று உம்மாவிடம் கேட்டாயாம். என்னத்தைச் சொல்ல. பாரிஸ் கடைக்குப் போக வேண்டிய இட்லி அரிசியும் அப்பளமும் குடோனில் அப்படியே கிடக்கின்றன. செங்கடலில் கப்பலைச் சுடுகிறார்கள் என்று எல்லாக் கப்பலும் ஆப்பிரிக்காவின் அடி முனையைச் சுற்றிப் போகிறது, அத்தனை தூரத்துக்கு எண்ணெய், போன கன்டெய்னர் பெட்டி சீக்கிரம் திரும்பாததால் காலிப் பெட்டிக்கு அடிதடி, அதற்கு மேல் இன்சூரன்ஸ்காரன், எல்லாவற்றையும் கூட்டிக் கடைசியில் நம் தலையில் கட்டுகிறார்கள். சென்னை ஏஜெண்டைக் கேட்டால் நேத்து ரேட்டு நேத்தோட போச்சு பாய் என்கிறான். சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் என்று சும்மாவா சொன்னார்கள். பாரிஸ் கடைக்காரரோ, நாங்க இத்தாலி அரிசியிலயே இட்லி ஊத்திக்கிறோம், கப்பல் வாடகை எறங்குனதும் சொல்லுங்க என்று கழன்றுகொண்டார். கல்லு மாதிரி வரும், சாப்பிடட்டும். அம்பகரத்தூரில் நமக்கு நெல் போடுகிற அம்பலவாணன் வந்து, அடுத்த போகத்துக்கு இதே ரகம் போடட்டுமா வேணாமா பாய், ஒரு வார்த்தை சொல்லுங்க என்று நின்றார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன், வேறென்ன செய்ய. சலித்துப் போச்சுடா மகனே.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து நானே பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய், கப்பல் எல்லாம் பழையபடி செங்கடல் வழியாவே போவணும், துஆ கேளுங்க என்றேன். அவரும் கையேந்தினார். பின்னால் நின்ற வியாபாரிகள் எல்லாரையும்விட நான்தான் உரக்க ஆமீன் சொன்னேன். மனசு கொஞ்சம் லேசாகி வீட்டுக்கு வந்தால் உன் உம்மா சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அழுதுகொண்டிருக்கிறாள், பஹீமா அறையைவிட்டு வெளியே வரவில்லை. என்னவென்று கேட்டேன். சண்டை ஓஞ்ச மாதிரி இருக்காம், இவன் கப்பலைச் செங்கடல்ல விட்டுப் பாக்கப் போறாங்களாம், இஷ்டம்னு கையெழுத்துப் போட்டா ரெட்டைச் சம்பளமாம், இஷ்டமில்லாதவங்களைக் கொழும்புல எறக்கி, சுத்திப் போற கப்பலுக்கு மாத்திடுவாங்களாம், இவன் கையெழுத்துப் போடப் போறானாம்ங்க என்றாள். வாப்பாகிட்ட சொல்லாதீங்க என்று நீ சொன்னதையும் சேர்த்தே சொல்லிவிட்டாள், அவளுக்கு எதை மறைக்கத் தெரியும். இந்த ஓட்டம் நல்லபடியா போயிட்டா மத்த கப்பலும் வரும், வாப்பாவுக்கு வாடகை கொறையும் என்றாயாமே. எனக்குச் சோறு இறங்கவில்லை தாரிக்.

விட்டுப் பார்க்க என் பிள்ளைதானா கிடைத்தான் அவர்களுக்கு? வாடகை ஏன் ஏறுகிறது என்று ஏஜெண்டு எண்ணெய், பெட்டி, இன்சூரன்ஸ் எல்லாம் விவரமாகச் சொன்னான். சுற்றிப் போகிற பிள்ளைகள் உயிரோடு வீடு வந்து சேர்கிறார்கள் என்று அவனும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இன்று காலை கூப்பிட்டு, இன்னும் ஏறும் போலிருக்கு பாய் என்றான். அல்ஹம்துலில்லாஹ் என்றேன். கேலி பண்ணுகிறேன் என்று நினைத்துக் கோபமாகப் போனை வைத்துவிட்டான்.

அதனால் கேட்டுக்கொள். கையெழுத்துப் போடாதே. வாப்பாவுக்காக என்று நினைத்தாயானால், வாப்பா கேட்கிறேன், வேண்டாம். குடோனில் இருக்கிற அரிசியை உள்ளூரிலேயே தள்ளிவிடுகிறேன், பழைய அரிசி வாங்க ஆளா இல்லை. வியாபாரம் படுத்தால் எழும், இல்லாவிட்டால் படுத்தே கிடக்கட்டும். ராத்திரியில் தலையில் எண்ணெய் வை, வெயிலில் தொப்பி இல்லாமல் தளத்தில் நிற்காதே, தொழுகையை விடாதே. வந்து சேர எத்தனை நாளானாலும் சரி, சுற்றிப் போகிற கப்பலில் ஏறு.

இன்னொன்று. இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பவன் கோவில்பத்து ரிஃபாய். முதல் வேலை, கொழும்பில் உன் கப்பலில்தான் ஏறுகிறான். அவனிடமும் சொல்லிப் பார்த்தேன். நான் புதுசு மாமா, முடியாதுன்னா அடுத்த தடவை கூப்பிட மாட்டாங்க, தாரிக் காக்கா போட்டா நானும் போடுறேன் என்று உன்னை அண்ணனாக நினைத்துச் சொல்கிறான். அவன் வாப்பா மவுத்தாகிவிட்டார், அவனுக்கு இப்படி எழுத ஆள் இல்லை. நீ போடாவிட்டால் அவனும் போடமாட்டான். உம்மா ரவையில் தம்ரூட் இனிப்புக் கிண்டி அவன் பையில் வைத்திருக்கிறாள், இரண்டு பேருமாகச் சாப்பிடுங்கள். அல்லாஹ் உங்களைக் காப்பானாக. மறக்காதே, இறங்கும்போது தனியாக இறங்காதே, அவன் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வா.

இரண்டு பிள்ளைகளையும் எதிர்பார்த்திருக்கும்,
வாப்பா மன்சூர் அலி