பீர்க்கம்பூ விரியும் வேளை

14 மார்ச் 2091, காலை 6.00, இந்திய நேரம்
செவ்வாய், மூன்றாம் முகாம். எழுதுபவர் நாகலிங்கம், கருவிப் பொறியாளர், வயது எழுபத்திரண்டு. அழுத்தம் சீர். வெப்பம் சீர். உணவுக் கலம் தரையிறங்குகையில் எரிந்துபோனது. ஆகஸ்டில் நால்வர் வருகிறார்கள். பாதி வழியிலிருந்து அவர்களால் திரும்ப இயலாது. கண்ணாடிக் கூடத்தில் விளைவதே அவர்களுக்கு உணவு. இங்கிருப்பது நான் மட்டும், தோட்டம் அறியாதவன். நான் அளவு மீறி ஊற்றிய நீரில் பயறும் உருளையும் அழுகின. எஞ்சியது பீர்க்கங்கொடி. தேனீ இல்லை, ஆகவே நாள்தோறும் சரியாக ஆறு மணிக்குத் தூரிகையால் மகரந்தம் தடவுகிறேன்.

29 மார்ச் 2091, காலை 6.10
ஒரு பிஞ்சும் நிற்கவில்லை. அனைத்தும் மஞ்சளாகி உதிர்கின்றன. பூமிக்குப் புகார் அனுப்பினேன். பெரியகுளத்துத் தோட்டக்கலை அலுவலர் மரகதவல்லியின் பதில்: "ஐயா, பீர்க்கம்பூ பொழுது சாயறப்பதான் விரியும். காலையில வாடின பூவுல தடவி என்ன புண்ணியம்? சாயங்காலம் போங்க." இதைக் கையேட்டில் அச்சிட்டிருக்கலாம்.

7 ஏப்ரல் 2091, மாலை 6.00
தினமும் மாலை ஆறு மணிக்குத் தவறாமல் போகிறேன். பூக்கள் திறப்பதில்லை. இன்று வெளியே உச்சிவெயில். கடுமையாக எழுதினேன். பதில்: "உங்க ஆறு மணி இந்தியாவோட ஆறு மணி ஐயா. அங்க பகல் வேற, பொழுது வேற. அந்தக் கொடி என்னிக்கு இந்தியாவப் பாத்துது? கடிகாரத்தக் கழட்டிட்டு வானத்தப் பாருங்க." நாற்பது ஆண்டுகள் கடிகாரம் திருத்தியவனிடம் சொல்கிறார். அவர் சொன்னது சரி என்பதுதான் கூடுதல் எரிச்சல்.

8 ஏப்ரல் 2091, இங்கே பொழுது சாய்ந்தபோது
சூரியனைச் சுற்றி வானம் நீலமானது. மொட்டுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. தூரிகையைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றேன். பிறகுதான் வேலை நினைவுக்கு வந்தது.

2 ஜூன் 2091, பொழுது சாயும் முன்
புழுதிப்புயல். மின்சாரம் கால்பங்கு. என் அறை, கூடம் இரண்டில் ஒன்றுக்கே வெப்பம் தரலாம். கூடத்தில் காற்றழுத்தம் குறைவு. அங்கே உறங்க முடியாது. கொடியைக் கைவிடுமாறு பூமி ஆணையிட்டது. மரகதவல்லி, "ஒரு கொடிக்காக வேணாம் ஐயா" என்றார். அதில் முப்பத்தொரு காய்கள் தொங்குகின்றன. அறையின் வெப்பத்தை நிறுத்திவிட்டேன்.

தேதி தெரியவில்லை. பூ விரிந்துவிட்டது.
கடிகாரம் குளிரில் நின்றுவிட்டது. வருகிற நால்வருக்கு: நார் ஏறுமுன் பறியுங்கள். இரண்டு காய்களை விதைக்கென முற்ற விடுங்கள். தண்ணீர், நீங்கள் நினைப்பதில் பாதி போதும். விரல்கள் மரத்துவிட்டன, தூரிகை நழுவுகிறது. இன்று ஐந்து பெண் பூக்கள். மூன்றுக்குத் தடவியாயிற்று. மீதி இரண்டையும் இருட்டுமுன்