காப்பிக் கடையில் நான் சொன்ன பொய்

14 செப்டம்பர் 1953, திங்கள்

சாயங்காலம் ஆபீஸ் முடிந்து, நாகர்கோவிலில் நான் வழக்கமாகப் போகும் காப்பிக் கடைக்குப் போனேன். பக்கத்து மேஜையில் கடற்கரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, சின்ன மகளோடு தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை தம்ளரால் மேஜையைத் தட்டித் தட்டி உரக்கப் பாடியது. எனக்குத் தலைவலி. கடைக்காரரிடம், "இது கடையா, சந்தையா?" என்று கத்திவிட்டேன்.

அவர் அவளிடம் போய், "பிள்ளைய வெளிய கொண்டு போம்மா, சாருக்குத் தொந்தரவா இருக்கு" என்றார்.

அவள் பாதித் தோசையை இலையில் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். குழந்தை அழுதது. என் பக்கத்தில் நின்று, கோபமே இல்லாமல் கேட்டாள்.

"ஒங்களுக்குப் பிள்ளைங்க இல்லியா சாரே?"

"இல்லை" என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "அய்யோ, நான் அறியாமப் போயிட்டேனே. சத்தம் போட்டதுக்கு மன்னிச்சிருங்க சாரே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கடை அமைதியானது. காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? என் மனைவி மரகதம் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நெய்யூரில் அவள் அப்பா வீட்டுக்குப் போய் மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவள் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. பஸ்ஸில் போனால் கொஞ்ச நேரம்தான்.

பாப்பாவுக்கு இப்போது நாலு வயது. அவள் பேசி நான் இதுவரை கேட்டதில்லை.