எழுதாதே என்று சொல்லவில்லையே

ஷார்ஜா
4 ஜனவரி 2026

அன்பு மனைவி மஹிராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் இங்கே நலம். நீயும் மகள் சாதிகாவும் நலமாக இருக்க அல்லாஹ் அருள் செய்யட்டும்.

சாதிகா போனில் நன்றாகப் பேசுகிறாள். உன்னைக் கூப்பிடச் சொன்னால் மட்டும் "அம்மா வேலையா இருக்காங்க அத்தா" என்கிறாள். எத்தனை நாள்தான் வேலையாக இருப்பாய்? உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

அன்று கத்தியது தப்புதான். என்னைக் கேட்காமல் பீங்கான் தொழிற்பேட்டையில் ஷெட் பிடித்து வேலை தொடங்கிவிட்டதாக நீ சொன்னதும், பிறகு நான் எதற்கு இங்கே வெயிலில் காய்கிறேன் என்று ஆத்திரம் வந்துவிட்டது. "ஷெட்ட மூடு, இல்லன்னா எங்கிட்ட பேசாத" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அதை மறந்துவிடு. ஷெட்டை மூடிவிடு. போனை எடு.

உன்
ஷாநவாஸ்

*

விருத்தாசலம்
17 ஜனவரி 2026

அன்புள்ள மச்சானுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நாங்கள் இருவரும் நலம். பேசாதே என்றீர்கள், பேசவில்லை. எழுதாதே என்று சொல்லவில்லையே, அதனால் எழுதுகிறேன்.

ஷெட்டை மூட மாட்டேன். நீங்கள் அனுப்புவது போதவில்லை என்று நான் இதைத் தொடங்கவில்லை. பீங்கான் தொழில் படித்துவிட்டு, சான்றிதழைப் பீரோவில் வைத்துப் பூட்டியவள் நான். பயனுள்ள கல்வியைத் தா என்று தினமும் துஆ கேட்கிறோம். கொடுத்த கல்வியைப் பூட்டி வைத்துக்கொண்டு மறுபடி கையேந்தினால் எப்படி?

இந்த ரமலானுக்குப் பிளாஸ்டிக் கப் வேண்டாம் என்று பள்ளிவாசல் ஜமாஅத்தில் முடிவு செய்து, நோன்புக் கஞ்சிக்குப் பீங்கான் கோப்பை செய்து தர என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நானும் திரௌபதியும் வேலையில் இறங்கிவிட்டோம். அவள் பேட்டையிலேயே பல வருஷம் வேலை பார்த்தவள், கை வேகம்.

உங்கள் கோபம் எனக்குப் பழகிவிட்டது என்று நினைக்கிறீர்கள். பழகவில்லை மச்சான். ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பயப்படுகிறேன். அன்று சாதிகாவும் கேட்டுக்கொண்டிருந்தாள், ராத்திரி சாப்பிடவே இல்லை. ஒரு கெட்ட செய்திக்கு நீங்கள் கத்தாமல் பதில் சொல்லுங்கள், அன்று போனில் பேசுகிறேன். எழுத்திலும் கத்தக்கூடியவர்தான் நீங்கள். நல்ல செய்தி கேட்டுச் சாந்தமாக இருப்பதெல்லாம் கணக்கில் வராது.

மஹிரா

*

ஷார்ஜா
30 ஜனவரி 2026

அன்பு மஹிரா,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் கிடைத்தது. முதலில் கோபம்தான் வந்தது. சாதிகா சாப்பிடவில்லை என்ற இடத்துக்கு வந்ததும் ஓடிவிட்டது.

நின்றுகொண்டிருக்கும்போது கோபம் வந்தால் உட்கார வேண்டும், அப்படியும் போகாவிட்டால் படுத்துவிட வேண்டும் என்று வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒரு நாளாவது செய்து பார்த்ததில்லை. நேற்று குடோனில் சரக்கை மாற்றி ஏற்றிவிட்டார்கள். கத்த வாயைத் திறந்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சுகர் இறங்கிவிட்டது என்று நினைத்து ஆளுக்கு ஒரு ஜூஸோடு ஓடிவந்தார்கள். சிரித்துக்கொள். ஆனால் நான் கத்தவில்லை.

ஷெட் விஷயத்தில் என் மனம் இன்னும் ஆறவில்லை. பொய் எழுத மாட்டேன்.

ஷாநவாஸ்

*

விருத்தாசலம்
14 பிப்ரவரி 2026

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கெட்ட செய்தி வந்துவிட்டது.

சூளை அணைத்த பிறகு நன்றாக ஆறும்வரை கதவைத் திறக்கக் கூடாது. இது நான் பரீட்சையில் எழுதிய பாடம். முதல் நோன்புக்கே கோப்பை போய்ச் சேர வேண்டும், ஜும்ஆவுக்குப் போகிறவர்கள் கையிலேயே கொடுத்தனுப்பிவிடலாம் என்று நேற்றுக் காலையில் திறந்துவிட்டேன். பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் திறந்தேன். பிஸ்மில்லாஹ் சொல்லிவிட்டால் அவசரம் நிதானமாகிவிடுமா? குளிர்காற்று பட்டதும் உள்ளே டக் டக் என்று ஒவ்வொன்றாக விரிசல் விட்டது. நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றுகூடத் தேறவில்லை.

ஜமாஅத் செயலாளரிடம் நானே போய்ச் சொன்னேன். "பரவாயில்லம்மா, எவர்சில்வர் டம்ளர்ல ஊத்திக்கிறோம்" என்றார். அந்தப் பரவாயில்லைதான் தாங்க முடியவில்லை. வூட்டுக்கு வராமல் ஷெட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். "அழுது முடிச்சிட்டு சொல்லுங்கக்கா, மண்ண ஊறப் போடணும்" என்றாள் திரௌபதி.

இதை மறைத்திருக்கலாம். சாதிகாவிடமும், அத்தாவிடம் சொல்லாதே என்று சொல்லியிருக்கலாம். உங்களிடம் மறைத்து நான் ஜெயித்து என்ன ஆகப் போகிறது?

மஹிரா

*

ஷார்ஜா
26 பிப்ரவரி 2026

அன்பு மஹிரா,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்போடு உன் கடிதத்தை வாசித்தேன்.

உடனே உட்கார்ந்து, நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு பக்கம் எழுதினேன். கிழித்தேன். கோபம் தணிய முகம் கை கால் கழுவி ஒளு செய்துவிட்டு வந்து மறுபடி எழுதினேன். பாதியில் அதே வார்த்தை வந்து நின்றது. அதையும் கிழித்துவிட்டு மறுபடி ஒளு செய்யப் போனேன். அறையில் இருக்கும் நெல்லைக்காரர், "தொழுகைக்குப் பாங்கு சொல்லிட்டாங்களா பாய்?" என்று எழுந்துவிட்டார்.

திரும்பி வந்தபோது கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. உனக்கு என்று ஒரு தொழில் வந்துவிட்டால், காசு அனுப்புவதைத் தவிர வேறு எதற்கும் ஆகாத நான் உனக்கு எதற்கு என்ற பயம். அதைத்தான் இத்தனை நாளும் கத்தித் தீர்த்திருக்கிறேன் போலிருக்கிறது.

உன்னிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. மறுபடி எப்போது சூளை அடுக்குகிறாய்?

உன்
ஷாநவாஸ்

*

விருத்தாசலம்
12 மார்ச் 2026

என் அன்பு மச்சானுக்கு,

வ அலைக்கும் ஸலாம்.

உங்கள் கேள்விக்குப் பதில்: அடுக்கியாயிற்று. உங்கள் கடிதம் வந்த அன்று சூளை ஆறிக்கொண்டிருந்தது. திறக்கக் கை அரிக்கும் என்று தெரிந்து, சாவியைத் திரௌபதியிடம் கொடுத்து அவள் வூட்டுக்கே கொண்டுபோகச் சொல்லிவிட்டேன். நோன்பு வைத்துக்கொண்டு பசியைப் பொறுப்பது எனக்கு எளிது. மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு பொறுப்பதுதான் பெரிய நோன்பாக இருந்தது.

திறந்தபோது ஒன்றுகூட விரிசல் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். சிலது கொஞ்சம் கோணல், அதற்காக யாரும் கஞ்சியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கடைசிப் பத்து நோன்புக்குள் பள்ளிவாசலுக்குப் போய்விட்டது. அடுத்த ரமலானுக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிவாசலிலும் கேட்டிருக்கிறார்கள்.

நீங்கள் எனக்கு எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். சூளையைத் திறந்ததும் முதலில் யாரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது தெரியுமா? திரௌபதி பக்கத்திலேயே நிற்கிறாள், நான் போனைத் தேடுகிறேன். அதற்குத்தான் நீங்கள்.

கடிதம் வந்து சேரும்வரை காத்திருக்க என்னால் ஆகாது. பொறுமையெல்லாம் சூளையோடு சரி. இன்று நோன்பு திறந்து மஃரிப் தொழுததும் நானே போன் செய்கிறேன். இதை நீங்கள் வாசிக்கும்போது நாம் பேசியிருப்போம். என் பெயரைப் பார்த்ததும் நின்றுகொண்டு எடுத்தீர்களா, தரையில் உட்கார்ந்துகொண்டு எடுத்தீர்களா என்பதை மட்டும் எழுதுங்கள்.

உங்கள்
மஹிரா